மார்கழிக் குளிரில் நாட்டுக்கோழி: முட்டை ஏன் நின்றது, மூக்கு ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். 22 நாட்டுக்கோழி வைத்திருந்தேன், அதில் 3 சேவல். ஐப்பசி வரைக்கும் தினம் ஐந்தாறு முட்டை கிடைத்தது. கார்த்திகையில் குறைந்து, இப்போது மார்கழியில் ஒன்றோ இரண்டோதான். குளிர் தாங்காது என்று ஆறடிக்கு ஐந்தடிக் கூண்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிட்டேன். தீனி ராகிதான், குறைவில்லாமல் போடுகிறேன். கொஞ்ச நாளாக நாலைந்து கோழிக்கு மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியில் கொர் கொர் என்று சத்தம் வருகிறது. இரண்டு செத்துவிட்டன. மற்றதற்குக் கழுத்தில் இறகு கொட்டுகிறது. உள்ளே பல்பு போடலாமா? மருந்துக்கடையில் ஒரு பவுடர் தந்தார்கள், கொடுக்கலாமா? ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, முட்டை வைக்கலாமா சார்?

பதில்: அம்மா, முதலில் அந்தத் தார்ப்பாயை இன்றைக்கே மேல்பக்கம் அவிழ்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். இறகு உலர்ந்து, வயிறு நிறைந்திருந்தால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரை வளர்ந்த கோழி தாங்கிக்கொள்ளும். மரக்கிளையில் தூங்கிப் பழகிய இனம் அது. அதனால் தாங்க முடியாதது ஈரமும் அடைத்த காற்றும்தான். இருபது கோழி ஒரு இரவில் மூச்சிலும் எச்சத்திலுமாக ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியேற்றும். சாக்கில் காற்று போகும், தார்ப்பாயில் போகாது. அந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகக் கட்டி, கூளத்தில் சொட்டி, எச்சத்தோடு சேர்ந்து அம்மோனியா வாடையாகிறது. அந்த வாடை மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. அதன் பிறகு எந்தச் சளிக்கிருமி வந்தாலும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில் கூண்டைத் திறந்ததும் குனிந்து, கோழி நிற்கிற உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழிகள் ராத்திரி முழுக்க அந்த எரிச்சலில்தான் இருந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இந்த மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கமும் மட்டும், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சாக்கு கட்டுங்கள். கோழி உட்காருகிற கொம்பு அந்த மறைப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கூரைக்குக் கீழே சுற்றிலும் ஓர் அடியாவது திறந்தே இருக்கட்டும். வெயில் ஏறியதும் சாக்கைச் சுருட்டிவிடுங்கள். ஈரக் கூளத்தை முழுவதும் வாரி எருக்குழியில் போட்டுவிட்டு, உலர்ந்த கடலைத்தோல் அல்லது நெல் உமியை நாலு அங்குலம் பரப்புங்கள். வாரம் இரண்டு தடவை கிளறிவிட்டால் போதும். ஆறுக்கு ஐந்து என்றால் முப்பது சதுர அடி. ஒரு கோழிக்கு இரவில் இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டால் உங்கள் கூண்டு நெருக்கடிதான். இரண்டு வரிசையாக உருண்டைக் கொம்பு கட்டி, கோழிகள் மேலே உட்கார்ந்து தூங்கும்படி செய்தால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். தரை எச்சத்தில் படுக்காத கோழிக்கு இறகும் நனையாது.

முட்டைக்கு வருகிறேன். நன்றாக முட்டையிட ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும். நம் பக்கத்தில் ஆனியில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, மார்கழியில் பதினொன்றரை மணிக்கும் சற்றுக் குறைவு. பகல் சுருங்கச் சுருங்கக் கோழியின் உடம்பு முட்டையை நிறுத்திவிட்டு இறகு மாற்றத் தொடங்கும். கழுத்தில் ஆரம்பித்து முதுகு, வால் என்று போகும். இது நோய் இல்லை. முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இதைப் பார்த்துவிட்டு, முட்டை நின்ற கோழி என்று சந்தைக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். இறகு மாற்றி முடித்த கோழி திரும்பவும் நன்றாக இடும்.

ஆனால் இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதை ராகியிலிருந்து எடுக்க முடியாது. உங்கள் தீனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் இதே நிலைதான். ராகியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், அதனால் முட்டை ஓட்டுக்கு அதுவே போதும் என்று நம்புகிறார்கள். ராகி நல்ல தானியம், சந்தேகமே இல்லை. ஆனால் 100 கிராம் ராகியில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து சுமார் 350 மில்லிகிராம். ஒரு நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டுக்கு மட்டும் 1500 மில்லிகிராம் வரை தேவை. மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும், அப்புறம் நிறுத்திக்கொள்ளும். புரதமும் அப்படித்தான். ராகியில் 7 சதவீதம், முட்டைக் கோழிக்குத் தேவை 16, 17. மழைக்காலத்தில் பூச்சியும் புழுவும் அந்தக் குறையை ஈடுகட்டின. குளிரில் பூச்சி குறைந்ததும் குறை வெளியே தெரிகிறது.

பத்து கிலோ கலவைக்கு ராகி, மக்காச்சோளம், கம்பு எது இருந்தாலும் சேர்த்து 6 கிலோ, கடலைப் புண்ணாக்கு இரண்டரை கிலோ, தவிடு 1 கிலோ 300 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சமையல் உப்பு ஒரு கைப்பிடிக்கும் குறைவாக, அதாவது 30 கிராம். மேய்கிற கோழிக்கு இதில் தினம் 50, 60 கிராம் போதும். பாதியைக் காலையிலும், மீதியை அடைவதற்கு முன் சாயங்காலத்திலும் கொடுங்கள். இரவெல்லாம் உடம்புச் சூட்டைக் காக்க அந்தச் சாயங்காலத் தீனிதான் எரிபொருள். கிளிஞ்சல் தூளைக் கலக்காமல் தனிச்சட்டியில் வையுங்கள், தேவைப்படுகிற கோழி தானே கொத்தும். புண்ணாக்கில் மட்டும் கவனம் வேண்டும். பனிக்காலத்தில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த புண்ணாக்கு கோழியின் ஈரலைக் கெடுக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் மாட்டுக்கும் போடாமல் எறிந்துவிடுங்கள்.

குடிதண்ணீர் காலையில் சில்லென்று இருந்தால் கோழி குடிக்காது. தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் சரியாகத் தின்னாது. கை பொறுக்கிற வெதுவெதுப்பில் வையுங்கள்.

பல்பு இப்போது வேண்டாம். சளி அடங்கி, புது இறகு வந்த பிறகு போடலாம். அதுவும் வெளிச்சத்துக்குத்தான், சூட்டுக்கு இல்லை. 5 வாட் எல்இடி போதும். சாயங்காலம் எரியவிட்டு அணைத்தால் கோழிகள் திடீர் இருட்டில் கொம்பு ஏற முடியாமல் தடுமாறும். அதனால் விடியலுக்கு முன்னால் போடுங்கள். முதல் வாரம் அரை மணி, பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டி, மொத்தப் பகல் 14 மணி நேரம் ஆகும் வரை. ஐந்து மாதம் ஆகாத பெட்டைகளுக்கு இது கூடாது.

சளிக் கோழிகளை இன்றே பிரித்து, காற்றோட்டமான திண்ணையில் தனிக்கூடையில் வையுங்கள். கண்ணுக்குக் கீழே முகம் வீங்கி, மூக்குநீர் நாற்றமடித்தால் கொரைசா என்னும் தொற்றுச்சளியாக இருக்கலாம். வீக்கம் இல்லாமல் நாள்கணக்கில் கொர் கொர் சத்தம் மட்டும் இருந்தால் நாட்பட்ட சுவாச நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, கால் இழுத்துக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவது வைரஸ் நோய், எந்தப் பவுடரும் அதைக் குணப்படுத்தாது. எது என்று தெரியாமல் கடைப் பவுடரைக் கொடுக்காதீர்கள். அரைகுறை அளவில் கொடுத்தால் அடுத்த தடவை அந்த மருந்து கேட்காது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவே இல்லை. போடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இப்போது மூக்கு ஒழுகுகிற மந்தைக்குப் போட வேண்டாம். எல்லாம் தேறிய பிறகு குடற்புழு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து, அரசு கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முட்டையிடும் கோழிக்கு இறக்கை ஊசி போட்டால் சில நாள் முட்டை குறையலாம். அதற்குப் பயந்து தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வருஷத்திலிருந்து புரட்டாசியிலேயே முடித்துவிட்டால் குளிரை நிம்மதியாகக் கடக்கலாம்.

அடைக்கு முட்டை வைக்க வேண்டாம். 21 நாளில் பொரிக்கிற குஞ்சு சரியான குளிரில் கண் திறக்கும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோழி கொஞ்ச நேரம் மேய எழுந்தாலும் குஞ்சு விறைத்துவிடும். அதோடு, சளி இருக்கிற மந்தையின் முட்டையில் அந்த நோய் குஞ்சுக்கும் போகலாம். அந்தக் கோழியை வெளிச்சமும் காற்றும் உள்ள கூடையில், கூளம் போடாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்தால் அடை தெளியும். தை கடைசியில் அடை வைத்தால் குஞ்சுகள் மாசி வெயிலுக்கு வரும்.

இன்னொரு கோழி செத்தால் புதைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரமில்லை. முடிந்தால் நோய் முற்றிய உயிர்க்கோழி ஒன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பஸ்ஸில் போனாலும் அட்டைப்பெட்டியில் மூடி எடுத்துச் செல்லுங்கள், வழியில் யார் வீட்டுக் கோழிக்கும் ஒட்டாமல் இருக்கும்.