கிரைசிஸ் கோர்: முதல் பத்து மணி நேரத்துக் கேள்விகள்

‘கிரைசிஸ் கோர்: ஃபைனல் ஃபேன்டஸி 7’ வீடியோ விளையாட்டு பற்றிய கேள்விகள் சில வாரங்களாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. எழுதியவர்களில் பாதிப் பேர் ஐந்து மணி நேரமோ பத்து மணி நேரமோ ஆடிவிட்டு, தொடர்வதா தூக்கி மூலையில் வைப்பதா என்று இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார்கள். நான் இதை 2008இல் பிஎஸ்பி என்ற சோனியின் கையடக்க எந்திரத்தில் ஆடி முடித்தவன். புதிதாகத் தொடங்குபவர் மனநிலை எனக்கு மறந்தே போயிருக்கும். அதனால் 2022 டிசம்பரில் வந்த ‘ரீயூனியன்’ என்ற புதுப்பித்த பதிப்பை நின்டெண்டோ ஸ்விட்ச்சில் முதலிலிருந்து தொடங்கி, மொடியோஹைம் என்ற பனிப்பிரதேசக் கட்டம் வரை ஆடிவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கடைசியில் என்ன நடக்கிறது என்பதை எங்கும் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ நான் தொட்டதே இல்லை. கதைப்படி இதுதானே முதலில் நடக்கிறது? இதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம்.

கதைக்குள் இது ஏழு வருடம் முந்தித் தொடங்குகிறது, சரி. ஆனால் செய்தது பத்து வருடம் பிந்தி. ஃபைனல் ஃபேன்டஸி 7 முதல் பிளேஸ்டேஷனில் மூன்று டிஸ்க்குகளாக 1997 ஜனவரியில் ஜப்பானில் வந்தது. கிரைசிஸ் கோர் 2007 செப்டம்பரில். அந்த மூன்று டிஸ்க்கையும் முடித்துவிட்டு, ஸாக் (இந்த விளையாட்டின் நாயகன்) என்ற பெயரை மறக்க முடியாமல் இருந்தவர்களுக்காகவே இதை எழுதியிருக்கிறார்கள். அங்கே பல மணி நேரம் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் ஒரு முடிச்சை இது போகிற போக்கில் அவிழ்த்துவிடும். எந்த முடிச்சு என்று சொன்னால் நானும் அதே வேலையைச் செய்தவனாவேன்.

பழைய விளையாட்டு இழுவை என்று தயங்கினால், இப்போது கிடைக்கும் பதிப்புகளில் வேகத்தை மூன்று மடங்கு கூட்டும் வசதி இருக்கிறது. 2020இன் ரீமேக்கையும் 2024இன் ரீபர்த்தையும் மட்டும் ஆடியவர்கள் நேராக இதை எடுக்கலாம். அவற்றில் ஸாக் தலைகாட்டும்போது ‘யார்டா இவன்?’ என்று விழித்திருப்பீர்களே, அதற்கு விடை இங்கேதான்.

கேள்வி: சண்டை நடக்கும்போது திரையின் மூலையில் சூதாட்ட எந்திரம் ஒன்று சுற்றுகிறது. லெவல் ஏறுவதும் அதன் கையில்தானாம். அப்புறம் ஆடுபவன் திறமைக்கு என்ன மதிப்பு?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

எந்திரத்தின் பெயர் டிஎம்டபிள்யூ. மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகமும் ஓர் எண்ணும். சண்டை முடியும்வரை தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் கணக்கிலிருந்து 10 எஸ்பி புள்ளிகள் கழியும், எதிரிகளை வீழ்த்தினால் திரும்பச் சேரும். இடமும் வலமும் ஒரே முகம் வந்து நின்றால் நடுச் சக்கரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அதுவும் ஒத்துவந்தால் அந்த முகத்துக்குரிய சிறப்புத் தாக்குதல் கிடைக்கும். பூக்காரப் பெண் ஏரித் வந்தால் உயிர் திரும்ப ஏறும், ஸாக்கின் சக வீரர் செஃபிராத் வந்தால் வாள்வீச்சு மழை. எண்களில் ஜோடி சேர்ந்தால் அந்த எண்ணுள்ள இடத்தில் மாட்டியிருக்கும் மாட்டீரியா (மந்திரம் தரும் உருண்டை) ஒரு படி வளரும். 777 விழுந்தால் ஸாக்குக்கே லெவல் ஏறும்.

இவ்வளவையும் கேட்டால் லாட்டரிச் சீட்டு போலத்தான் இருக்கும். எனக்கும் அன்றைக்கு எரிச்சல்தான். அரை மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அடித்தும் ஏழு வரவில்லை என்று பிஎஸ்பியைத் தலையணைமேல் எறிந்திருக்கிறேன். (தலையணைமேல்தான். அதன் விலை அப்படி.) ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. சண்டைக்குச் சண்டை அனுபவப் புள்ளிகள் சேர்கின்றன, திரையில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். அவை சேரச் சேர 777 விழும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். பத்துச் சண்டை போட்டவனுக்கும் நூறு சண்டை போட்டவனுக்கும் ஒரே அதிர்ஷ்டம் கிடையாது. அதனால் ஏழைத் துரத்தாதீர்கள். கதையைத் துரத்துங்கள், ஏழு பின்னால் வரும்.

ஆனால் நான் இந்த எந்திரத்துக்கு வக்காலத்து வாங்குவதற்குக் காரணம் வேறு. அதில் யார் யார் முகங்கள் சுற்றுகின்றன என்று பார்த்தீர்களா? ஸாக் பழகிய மனிதர்கள். தேவாலயக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பூக்கள்மேல் விழுந்து ஏரித்தைச் சந்திக்கும்வரை அவள் முகம் சக்கரத்தில் கிடையாது. ஃபைனல் ஃபேன்டஸி 7இன் நாயகன் கிளவுடும் அப்படியே. சில வேளைகளில் நடுச் சக்கரம் நிற்பதற்கு முன் அந்த மனிதரோடு கழித்த ஒரு பழைய காட்சி சட்டென்று வந்துபோகும். கதையில் நடப்பதைப் பொறுத்து ஸாக்கின் மனநிலை மாறினால் முகங்கள் ஒத்துவரும் வாய்ப்பும் மாறும். நாம் சூதாட்டம் என்று திட்டிக்கொண்டிருப்பது அவன் மண்டைக்குள் ஓடும் நினைவோட்டம். சண்டையின் நடுவே யார் நினைவு வருகிறதோ அவர் பலம் கைக்கு வருகிறது. முதல் பத்து மணி நேரத்தில் விளையாட்டு இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி மணி நேரத்தில் சொல்லும். அதற்காகவாவது முடித்துவிடுங்கள்.

ஒரு வித்தியாசம். பிஎஸ்பியில் ஜோடி சேரும்போதெல்லாம் சண்டை அப்படியே நின்று, திரை முழுக்கச் சக்கரங்கள் வந்து மறைக்கும். ரீயூனியனில் அவை ஓரமாகவே சுற்றுகின்றன, கிடைத்த தாக்குதலை நீங்கள் வேண்டும்போது பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆடுவதற்கு இதுதான் வசதி, மறுக்கவில்லை. எனக்கு என்னவோ அந்தப் பழைய இடைஞ்சல் பிடித்திருந்தது. ஒருவர் நினைப்பு வருவதென்ன, நம் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

கேள்வி: முடிவு எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த கதைக்கு இருபது மணி நேரம் செலவழிக்க வேண்டுமா?

கூத்தில் கர்ணன் சாகப்போகிறான் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்?

இந்த விளையாட்டு உங்களுக்கு முடிவு தெரியும் என்பதை நம்பித்தான் ஓடுகிறது. ஸாக்கின் ஆசான் ஆஞ்சீல் முதுகில் ஒரு பெரிய வாளைச் சுமந்துகொண்டே திரிவார், முதுகிலிருந்து லேசில் எடுக்க மாட்டார். எடுத்து வீசினால் தேய்ந்துவிடும், துருப்பிடிக்கும் என்பது அவர் சாக்கு. புதிதாக ஆடுபவருக்கு அது ஒரு கஞ்சரின் நகைச்சுவை. ஃபைனல் ஃபேன்டஸி 7இன் அட்டையில் அந்த வாள் யார் முதுகில் இருக்கிறது என்று பார்த்தவருக்கு அங்கேயே தொண்டை அடைக்கும்.

நேற்று இரவு பார்த்த காட்சி ஒன்று. பனிமலையில் ஏறும்போது ஸாக்கும் ஒரு சாதாரணக் காலாள் வீரனும் சொந்த ஊர் எது என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் கொங்காகா, மற்றவனுக்கு நிபல்ஹைம். இரண்டுமே ஒரு மாக்கோ (அந்த உலகத்து எரிசக்தி) உலையைத் தவிர வேறெதுவும் இல்லாத பட்டிக்காடு. ‘உன் ஊரும் இப்படித்தானா!’ என்று இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. முன்பு ஆடியபோது இதைக் கவனித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. இந்த முறை விளையாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி: மிஷன்கள், அதாவது கதைக்கு வெளியே உள்ள கிளைப் பணிகள், 300 இருக்கின்றன என்றார்கள். இருபது முடித்தேன், எல்லாம் ஒரே குகை மாதிரி இருக்கிறது. மீதியிலாவது மாற்றம் வருமா?

வராது. அதே குகை, அதே பாழடைந்த ஆலை, நாலு எதிரிக் கூட்டம், கடைசியில் ஒரு பெரிய எதிரி, வீடு திரும்பு. இது கையடக்க எந்திரத்துக்காக அளந்து வெட்டியது. சேமிக்கும் இடத்தில் நின்று திறந்தால், பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். அந்த அளவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்து முப்பதை வரிசையாக ஆடினால் யாருக்கும் வெறுத்துப்போகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆரம்பத்திலேயே மிஷன்களில் மூழ்கினால் கதைச் சண்டைகள் ஊதித் தள்ளும் அளவுக்கு எளிதாகிவிடும். அத்தியாயத்துக்கு ஐந்தாறு செய்யுங்கள், புதிய கடைகளும் நல்ல மாட்டீரியாவும் கிடைக்கும். மீதியைக் கதைக்கான கடைசி அத்தியாயத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம். 9-6-6ஆம் மிஷனில் மினர்வா என்றொரு அம்மையார் காத்திருக்கிறார். அவரிடம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: அந்தச் சிவப்புக் கோட்டு ஆசாமி ஏன் வாயைத் திறந்தால் கவிதையாகவே பேசுகிறார்?

ஜெனசிஸ். அவர் ஓயாமல் ஒப்பிப்பது அந்த உலகத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் ‘லவ்லெஸ்’ என்ற நாடகக் காவியம். முதல் தடவை கம்பீரம், மூன்றாம் தடவை அலுப்பு, ஆறாம் தடவை அவரே வந்து நின்றதும் நாமே அடுத்த வரியைச் சொல்லிவிடுவோம். அதன் கடைசி அங்கம் கிடைக்காமல் போயிற்று என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஜப்பானியப் பாடகர் காக்ட்டின் முகத்தை வைத்து உருவாக்கிய பாத்திரம் இது, ஜப்பானியக் குரலும் அவருடையதே. 2006இல் வந்த ‘டர்ஜ் ஆஃப் செர்பரஸ்’ விளையாட்டின் மறைமுடிவிலேயே ஒரு நொடி வந்துபோயிருப்பார். கதையில் இவர் தேவையா என்று கேட்டால், ஆஞ்சீல் ஒருவரே போதும் என்பேன்.

கேள்வி: பிஎஸ்பி பதிப்பா, ரீயூனியனா? இரண்டும் கைக்கு எட்டும் நிலையில் இருக்கிறேன்.

முதல் தடவை என்றால் ரீயூனியன். பழையதில் கட்டளைகளை எல், ஆர் பொத்தான்களால் ஒவ்வொன்றாக உருட்டித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குணப்படுத்தும் மந்திரத்தைத் தேடி உருட்டிக்கொண்டிருக்கும்போதே ஸாக் மண்ணைக் கவ்வுவான். புதியதில் மந்திரங்கள் பொத்தானிலேயே இருக்கின்றன. வசனம் முழுவதற்கும் குரல் உண்டு. எதிரி பெரிய தாக்குதலுக்குத் தயாராகும்போது அடித்து அதன் வலுவைக் குறைக்கவும் முடிகிறது. படம் பளிச்சென்று மாறியிருக்கிறது. ஆனால் குறுகிய சந்துகளும், நாலு எட்டு வைத்தால் வரும் கண்ணுக்குத் தெரியாத சுவர்களும் 2007இல் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ரீமேக் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

பழையதில் எனக்குப் பிடித்தது ஆங்கிலத்தில் ஸாக்குக்கு ரிக் கோமஸ் கொடுத்த குரல். புதியவர் கேலப் பியர்ஸ் குறை வைக்கவில்லை, காதுதான் பழைய குரலைத் தேடுகிறது. மற்றபடி 480×272 புள்ளித் திரையில் அந்தக் காலத்தில் இதைக் கொண்டுவந்ததே பெரிய வித்தை. பிஎஸ்பியின் யுஎம்டி டிஸ்க் ஒன்றில் அடங்குவதே 1.8 ஜிபிதான்.

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பிஎஸ்பி அலமாரியில் கிடந்தது. பின்மூடி சரியாக மூட மறுக்கிறது. ஜப்பானிய கிரைசிஸ் கோர் டிஸ்க் வாங்கினால் அதில் ஓடுமா?

முதலில் மூடியைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே கழற்றிவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடவே போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வேறு பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்க் ஓடும், பிஎஸ்பி விளையாட்டுகளுக்கு நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ஜப்பானியப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுந்தான். கதைக்காக ஆடும் விளையாட்டில் அது பாதி நஷ்டம். 2008இல் வந்த அமெரிக்க அல்லது ஐரோப்பியப் பதிப்பைத் தேடுங்கள். கடின நிலையைச் சேர்த்ததும் அவற்றில்தான். மாமாவின் எந்திரம் வெள்ளி நிறத்தில் பின்னால் பத்தாம் ஆண்டு முத்திரையோடு இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 7இன் பத்தாண்டு நிறைவுக்காக ஜப்பானில் 77,777 மட்டுமே விட்டார்கள்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். கதை புரியுமா?

புரியும். வசனம் எழுத்தாகவும் திரையில் வரும். ஸாக் பேசுவதும் எளிய ஆங்கிலம். ஜெனசிஸ் பேசுவது ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாது.

கேள்வி: அண்ணா, ஸாக் ஏன் சும்மா இருக்கும்போதெல்லாம் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறான்? என் தம்பி ‘தப்பு பண்ணிட்டானா?’ என்று கேட்கிறான்.

தம்பி கேட்டதில் தப்பே இல்லை தங்கச்சி, காதைப் பிடிக்காத தோப்புக்கரணம்தான் அது. ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாதவன் என்பதால்தான் ஆஞ்சீல் அவனை நாய்க்குட்டி என்று கூப்பிடுகிறார். விளையாட்டில் அதற்கென்று தனிப் போட்டியே வரும். தாளம் தவறாமல் பொத்தானை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் தடுமாறுவான். எனக்குப் பதினெட்டு வருடத்தில் அது மட்டும் கைவரவில்லை, தம்பியிடம் கொடுத்துப் பாருங்கள்.