கைவழி நயனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டார்கள். ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். முடியும்போது கண் கலங்கிவிட்டது. இப்போது வரும் பாட்டுகளில் இருநூறு பேர் ஆடினாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. யூடியூபில் 1.5 வேகத்தில் வைத்துத்தான் பார்த்து முடிக்கிறேன். எனக்கு வயசாகிவிட்டதா? பத்மினி முறையாகக் கற்றவர் என்பதுதான் காரணமா? பாட்டு வந்தால் கதை நின்றுவிடுகிறது என்கிறார் என் கணவர், அது சரியா? இந்தியில் நம்மைவிட நன்றாக எடுக்கிறார்களா?

இன்னொன்று. அடுத்த மாதம் மகளுக்குச் சலங்கை பூஜை. தம்பி போனில் வீடியோ எடுக்கிறேன் என்கிறான். அவனுக்கு என்ன சொல்லட்டும்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஆனால் முதலில் திட்டிவிடுகிறேன். நடனத்தை 1.5 வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று புகார் சொல்லக் கூடாது. அபிநயத்தில் கை ஒன்றைக் காட்டியபின் அரை நொடி கழித்துத்தான் முகம் மாறும். அந்த அரை நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கை விரலால் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் ருசி இல்லை என்கிறீர்கள்.

வயசுக் கேள்வியை ஒதுக்கிவிடுவோம். பழைய படங்களிலும் சகிக்க முடியாத நடனங்கள் மூட்டை மூட்டையாக உண்டு. அவற்றை டிவியில் போடுவதில்லை, அவ்வளவுதான். இந்திப் படமா தமிழ்ப் படமா என்பது திண்ணைப் பேச்சு, எனக்கு நேரமில்லை. உங்கள் கணவருக்கு மட்டும் 1948இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வைப் போட்டுக் காட்டுங்கள். ராட்சத முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே வந்து பாய்கிறார்கள். அந்த நடனத்தை வெட்டிவிட்டால் படை உள்ளே வர வழியே கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பராமாயணத்து மிதிலைக் காட்சிப் படலத்தில் இராமனும் இலக்குவனும் முனிவனோடு வீதியில் போகும்போது ஆடரங்கைப் பார்க்கிறார்கள். கம்பன் அங்கே ‘கைவழி நயனஞ் செல்லக் கண்வழி மனமும் செல்ல’ என்கிறான். ‘அபிநய தர்ப்பணம்’ என்ற பழைய நாட்டிய நூல் இதே வரிசையை இன்னும் இரண்டு படி கொண்டுபோகிறது: மனம் போன இடத்தில் பாவம், அதாவது உணர்ச்சி; பாவம் உள்ள இடத்தில் ரசம், அதாவது பார்க்கிறவருக்குக் கிடைக்கும் சுவை. உங்கள் மகள் வகுப்பில் இந்தச் சுலோகத்தை ஒப்பித்திருப்பாள். இதில் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் கை, முகம் கடைசியில். நடனத்தைப் படமெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் முகத்தில் தொடங்கி முகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ரசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பு.

ஒரு சின்ன வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தாமரையில் வண்டு வந்து உட்காருகிறது. இடது கை அலபத்ம முத்திரையாக, தாமரையாக மலர்கிறது. வலது கை பிரமர முத்திரையில் வண்டாக எங்கோ தோளுக்கு அப்பாலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறது. கண் அதைத் தொடர்கிறது. வண்டு உட்கார்ந்தபின் இமை ஒரு தரம் தாழ்கிறது, பிறகுதான் உதட்டோரம் அசைகிறது. நிமிடத்துக்கு 50 தாள அடி என்ற மெதுவான நடையில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 10 நொடி. அந்த 10 நொடிக்குள் இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. இப்போது இதை க்ளோசப்பில் வையுங்கள். கண்கள் திரைச் சட்டகத்தின் வலது ஓரத்துக்குப் போகின்றன. எதைப் பார்க்கின்றன? கை வெளியே இருக்கிறது. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகு சிரிக்கிறாள், ஏன் சிரிக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. சிலர் இதைச் சரிசெய்வதாக நினைத்து நடுவில் கையை மட்டும் தனியாகக் காட்டி ஒட்டுகிறார்கள். அது இன்னும் மோசம், அந்தக் கை யாருடையதாகவும் இருக்கலாம்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ள பெண் இரு கைகளையும் விரித்தால் அகலமும் ஏறக்குறைய ஐந்தரை அடி. கொஞ்சம் மூச்சுவிட இடம் சேர்த்தால் 7 அடி. அகலமும் உயரமும் 2.35க்கு 1 என்று இருக்கும் ஸ்கோப் (அகலத்திரை) சட்டகத்தில் 7 அடி அகலம் என்றால் உயரம் 3 அடி, அதாவது இடுப்புக்கு மேல். அபிநயத்துக்கு நெருங்கக்கூடிய எல்லை அதுதான். இரு கைகளும் கண்ணும் ஒன்றாக உள்ளே இருக்கும். அதற்கு மேல் நெருங்கினால் கை வெட்டுப்படும். இதே ஸ்கோப்பில் முழு உருவம் காட்டப்போனால் கை தூக்க இடம் சேர்த்து உயரம் ஏழரை அடி, அகலம் பதினேழரை அடி ஆகிவிடும். ஒரு பெண்ணுக்கு இரு பக்கமும் ஆறு ஆறு அடி வெற்றிடம். அதை அடைக்கத்தான் குரூப் டான்சர்கள் வருகிறார்கள். உங்கள் இருநூறு பேரில் பாதிப் பேர் அங்கே நிற்பதற்குக் கதையில் காரணம் கிடையாது, சட்டகத்தில்தான் காரணம். பழைய 1.37க்கு 1 சட்டகத்தில் அதே முழு உருவத்துக்கு அகலம் 10 அடிதான். ஒருத்தி தனியாக ஆடி அதை நிறைத்துவிடலாம்.

லென்ஸையும் சொல்லிவிடுகிறேன். 35 எம்எம் படச்சுருளில் 40 எம்எம் லென்ஸ் போட்டு முழு உருவம் எடுக்க 18, 19 அடி தள்ளி நிற்க வேண்டும். 24 எம்எம் போட்டுக் கிட்டே போனால் முன்னே நீட்டிய உள்ளங்கை முகத்தைவிடப் பெரிதாகிவிடும். 100க்கு மேல் போட்டு எங்கோ தள்ளி நின்றால் அவள் முன்னால் வைத்த அடி வைக்காத மாதிரி தெரியும். கேமராவின் உயரம் இடுப்பளவு. கண் உயரத்தில் வைத்தால், முழங்கால் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி நசுங்கி, முழங்கால்கள் விரிந்து கிடைக்கிற அந்தச் சாய்சதுரம் போய்விடும். பார்க்கிறவர்கள் பெண் சரியாக உட்காரவில்லை என்று அவளைக் குறை சொல்வார்கள்.

நீங்கள் கண் கலங்கிய பாட்டிலும் வெட்டுகள், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்கள், உண்டு. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தக் காட்சியில் சபை பார்ப்பது சாமியைப் பாடும் நாட்டியம். நாயனக்காரரான சிவாஜி மறைவில் நின்று பார்ப்பது ஆடுகிற நாயகிக்குத் தெரியும். கை சாமிக்கு, கண் ஆளுக்கு. வெட்டு எங்கே போகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். அவள் பார்வை போன இடத்துக்குப் போகிறது. அங்கே சிவாஜியின் முகம். கம்பனுடைய வரிசை அறுபடாமல் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாண்டுகிறது. ஒரே பாட்டில் சபைக்கு ஒரு சேதி, அவனுக்கு ஒரு சேதி. மேடையில் ஒரே இருக்கையிலிருந்து பார்க்கிறவருக்கு இது கிடைக்காது, சினிமாவால்தான் முடியும். வெட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தாளம் தட்டுகிறது என்பதற்காக வெட்டுவதைத்தான் சொல்கிறேன்.

பத்மினி கற்றவர் என்பது காரணம்தானா என்றீர்கள். பாதி. அவரும் அக்கா லலிதாவும் நடனக் கலைஞர் உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த ‘கல்பனா’வில் ஆடியவர்கள். கற்றவரிடம் கேமராவுக்குக் கிடைக்கும் பெரிய லாபம், கைக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எத்தனை டேக் போனாலும் மாறாது. எங்கே வெட்டினாலும் ஒட்டும். கற்காத நடிகையாலும் முடியும். பத்து முத்திரை கொடுக்காமல் இரண்டு கொடுத்து, நடுவில் வெட்டாமல் இருக்க டான்ஸ் மாஸ்டருக்கு மனசு வர வேண்டும்.

1976இல் சத்யஜித் ராய் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’வைத் தேடிப் பாருங்கள். கடற்கரையில் நின்று, குழந்தைக் கிருஷ்ணனைக் கூப்பிடும் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாட்டுக்கு ஆடுகிறார். பின்னால் அலை, வேறு ஒன்றும் கிடையாது. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உங்கள் வயசுப் புலம்பலை அவரிடம் சொல்லிப் பாருங்கள். குழந்தையைக் கூப்பிடும் கையும் தாழ்ந்து போகும் பார்வையும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் அங்கே இல்லாத குழந்தையின் உயரம் நமக்குத் தெரியும். உயரம் தெரிந்தால்தான் அது தவழுகிறதா, ஓடுகிறதா என்று தெரியும்.

இப்போதைய பாட்டுகள் எங்கே கெடுகின்றன? நான்கு நிமிடப் பாட்டை நான்கைந்து நாளில் துண்டு துண்டாக எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் எட்டு எண்ணிக்கை 4 நொடி, 96 ஃப்ரேம். ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட் என்று குரல் கொடுத்ததும் ஆடுகிறவர் நின்ற நிலையிலிருந்து தொடங்குகிறார். எட்டு முடிந்ததும் கட். டச்சப் உதவியாளர் வந்து வியர்வையைத் துடைக்கிறார். அடுத்த எட்டுக்கு மறுபடி புதுசு. இப்படி எடுத்த பாட்டில் யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. முதல் சரணத்திலும் கடைசிச் சரணத்திலும் உடம்பு ஒரே மாதிரி இருக்கும். உடம்பில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நமக்கு மட்டும் எப்படி நடக்கும்? மருந்து சுலபம். ஒவ்வொரு துண்டையும் முன்னால் ஓர் எட்டு, பின்னால் ஓர் எட்டு சேர்த்து ஆடவிட வேண்டும். வேகம் ஏறிய உடம்பு கிடைக்கும், எடிட்டருக்கும் அசைவின் நடுவில் வெட்ட இடம் கிடைக்கும். ஜதியை முடிக்கும் தீர்மானத்தின் கடைசித் தட்டிலேயே வெட்டாமல் அதற்குப்பின் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம் நிற்கவிட வேண்டும். நாளாகும், பணமாகும் என்பார்கள். ஐந்து உடை மாற்ற மட்டும் நாள் இருக்கிறது.

முன்பே பதிவான பாட்டை ஓடவிட்டு, பிளேபேக்கில் எடுப்பதால் சலங்கைச் சத்தம் பிறகுதான் சேர்கிறது. அது இரண்டு ஃப்ரேம் பிந்திவிட்டால் பாதம் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றும், எது என்று பிடிபடாது.

தம்பியை மறந்தே போனேன். போனைப் படுக்கையாக வைத்து ஸ்டாண்டில் பொருத்தட்டும். சாதாரண லென்ஸில் வேண்டாம், இரண்டு மடங்கு ஜூம் வைத்து 16 அடி தள்ளி நின்றால் முழு உருவம் வரும். மேடை 3 அடி உயரம் என்றால் போன் தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேடை விளிம்பு பாதத்தை மறைக்கும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் நட்டுவனாரின் வெள்ளை வேட்டி வந்ததும் குழந்தை முகம் இருண்டுவிடும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அப்போதுதான் மின்விளக்கு துடிப்பது தெரியாது. பாட்டுச் சத்தத்துக்கு இன்னொரு போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் போட வேண்டும், நடுவில் மாமா கூப்பிடுவார்.

புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்ற உருப்படிகள் மூன்றிலும் ஜூமைத் தொடவே கூடாது. ‘சப்தம்’ என்ற உருப்படி வைத்திருந்தால் அதில் அபிநயம் வரும். அங்கே மட்டும், அதுவும் வரி தொடங்குமுன், இடுப்பளவுக்கு நெருங்கலாம். வரி நடுவில் கூடாது. பாட்டி ‘முகத்தைக் கிட்டே காட்டுடா’ என்று கேட்டால், ஒப்பனை முடிந்ததும் வீட்டிலேயே ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.