சிரிக்காத கோமாளிங்க: ஒரு கடிதம்

வணக்கம் சார்,
நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கற வெனிஸ் ஓவியர் டொமெனிகோ தியெபோலோவோட இங்க் வாஷ் (தண்ணி கலந்த மைல தீட்டுறது) படம் ஒண்ணு நெட்ல பாத்தேன். உயரத் தொப்பி, கூன், கொக்கி மூக்கு முகமூடின்னு ஒரே மாதிரி கோமாளிங்க சேந்து செத்துப்போன கோமாளிய குழியில இறக்குறாங்க. சிரிப்பும் வரல, அழுகையும் வரல. இது அரசியல் நையாண்டியா?
– கே.

அன்புள்ள கே.,

அவன் பேரு புல்சினெல்லா, நேப்பிள்ஸ் நாடகக் கோமாளி, சரியான சாப்பாட்டுராமன். டொமெனிகோ அவன மேடைய விட்டு எறக்கி ஊர் பூரா பல பேரா உலவ விட்டுட்டார், முகப்புத் தாளையும் சேத்து 104 படம், வான்கோழி அடைகாத்த முட்டைல இருந்து பொறக்கறான், கல்யாணம் பண்றான், துணி தைக்கிறான், சீக்குல படுக்கறான், சாகறான், தூக்குல போடறதும் உண்டு, இவ்ளோத்துக்கும் அவர் வச்ச தலைப்பு 'பசங்களுக்கான பொழுதுபோக்கு'!

1797ல நெப்போலியன் வந்து வெனிஸ் குடியரசே முடிஞ்சுபோச்சு, அந்த சமயத்துலதான் இவரும் இத வரைய ஆரம்பிச்சார், வயசு எழுபது, 1804ல செத்தும் போயிட்டார். அதனால அரசியலா படிக்கறவங்க இருக்காங்க, படிக்கலாம்தான். ஆனா நையாண்டின்னா யாரையாச்சும் குத்தணும்ல? இந்தப் படங்கள்ல முகமூடிக்காரன் வீட்டுக்குள்ள வந்து வேல பாத்தாலும் பக்கத்துல நிக்கற ஜனங்க அத ஒரு விஷயமாவே எடுத்துக்கறதில்ல.

அந்தப் படத்த நல்லா ஜூம் பண்ணி வெள்ளை உடுப்பப் பாருங்க. வெள்ளை பெயின்ட்டே கிடையாது, வெறும் தாள். அடியில கறுப்பு சாக்கட்டி, மேல பழுப்பு மைப் பேனா கோடு நடுங்குன மாதிரி விட்டு விட்டு ஓடும், அப்புறம் தண்ணி கலந்த மைய பிரஷ்ல எடுத்து மடிப்புக்கும் நிழலுக்கும் ஒரு இழுப்பு, தொடாம விட்ட எடமெல்லாம் துணி ஆயிடுது. மூஞ்சிதான் முகமூடிக்குள்ள போயிடுச்சே, அப்ப துக்கத்த கூன் முதுகுலயும் தொப்பி சாயறதுலயும்தான் காட்டியாகணும், நமக்கோ ஒருத்தன் அழறானா இல்லயான்னு மூஞ்சியப் பாத்துதான் பழக்கம். நீங்க முழிச்சது அங்கதான்னு நெனக்கிறேன்.

அந்த 104 படத்தையும் மொத்தமா ஒரே எடத்துல பாக்க வழியில்ல, 1920ல லண்டன்ல ஏலம் போயி அப்புறம் பாரிஸ்ல தனித்தனியா சிதறிடுச்சு. தாள்ல நம்பர் இருக்கு, அத வரிசையா வச்சா வாழ்க்கை முன்ன பின்ன ஓடும். வெனிஸ் பக்கம் போனா கா ரெட்சோனிகோ மியூசியத்துக்குப் போங்க, அவர் சொந்த வீட்டுச் சுவர்ல வரைஞ்ச புல்சினெல்லாக்கள பேத்தெடுத்து அங்க வச்சிருக்காங்க. ஊஞ்சலாடுறவன் சீலிங்ல இருக்கான், கழுத்து வலிக்கும், பரவால்ல.