ரெதூதேயின் ரோஜா: அசல் ஓவியமா, அச்சுப் படமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: பாரிஸில் வாழ்ந்து மறைந்த பெரியப்பாவின் உடைமைகளோடு சட்டமிட்ட ரோஜாப் படம் ஒன்று வந்திருக்கிறது, நெப்போலியனின் மனைவி ஜோசபினுக்காக மலர் ஓவியர் ரெதூதே தம் கையால் தீட்டிய நீர்வண்ண ஓவியம் அது என்று குடும்பத்தில் சொல்வார்கள், அதை எப்படிச் சரிபார்ப்பது, வரவேற்பறையில் மாட்டலாமா?

குடும்பக் கதையை முதலில் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1799-இல் பாரிஸ் அருகே மால்மேசோன் மாளிகையை வாங்கிய ஜோசபின், அரிய செடிகளைத் தருவித்து வளர்த்ததோடு, அவற்றை வரையப் பியேர்-ஜோசப் ரெதூதேயை அமர்த்தினார். மால்மேசோன் தோட்டத்தைப் பற்றிய நூல் அந்த ஆதரவில் உருவானது. அல்லி வகைகளைப் பற்றிய ரெதூதேயின் பெருநூலுக்காகக் கன்றுத்தோலில் தீட்டப்பட்ட மூல ஓவியங்கள் ஜோசபின் வசமே இருந்தன. ஆனால் ஜோசபின் இறந்தது 1814-இல். ரெதூதேயின் 'லே ரோஸ்' என்னும் ரோஜா நூல் 1817 முதல் 1824 வரை 30 பகுதிகளாக வெளிவந்தது. எனவே அந்த நூலின் படத்தை அவருக்காகத் தீட்டியதாகச் சொல்ல இயலாது.

அதற்காக அரச ஆதரவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் இளவரசர் காஸ்தோன் தொடங்கி, பதினான்காம் லூயிக்குச் சென்ற கன்றுத்தோல் ஓவியத் தொகுப்புக்குப் படம் வரைந்த மலர் ஓவியர் வான் ஸ்பாண்டோங்கிடமே ரெதூதே பயின்றார். மரி அந்துவானெத் அரசியும் அவருக்குப் பட்டமளித்தார். அரண்மனைப் பணம் பல தலைமுறைகளாக வளர்த்த அந்த மென்மையான வண்ணப்பூச்சை, புரவலரை இழந்தபின் அவர் அச்சின் வழியே வாங்குவோரிடம் கொண்டுசேர்த்தார். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அச்சுப் படமே என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

சரிபார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும். இதழின் நிழற்பகுதியைப் பாருங்கள். நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வட்டங்களாக அடுக்கியிருந்தால், அது இருபதாம் நூற்றாண்டு ஆஃப்செட் மறுபதிப்பு. புள்ளிகள் சீரற்றுச் சிதறி, இலையில் பச்சையாகவும் இதழில் சிவப்பாகவும், அதாவது புள்ளியே அந்தந்த நிறத்தில் இருந்தால், மகிழ்ச்சியடையுங்கள்: செப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாகச் செதுக்கி, ஒரே தகட்டில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு நிற மைகளைச் சிறு துணிப்பொதியால் தடவி அச்சிடும் முறை அது. அச்சிட்டபின் கையால் நீர்வண்ணம் சேர்த்துச் செம்மைப்படுத்தினார்கள். ஆகவே 'கையால் தீட்டியது' என்ற குடும்பப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கலாம். புள்ளியே இல்லாமல் தூரிகைக் கோடுகளும் வண்ணம் தேங்கிய விளிம்புகளும் மட்டும் தெரிந்தால், அது கையோவியம். அப்போதும் ரெதூதேயின் பாணியைப் பின்பற்றிய மாணவர் பலர் இருந்ததை மறக்கக் கூடாது.

படத்தின் அடியில் இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர், நடுவில் ரெமோன் அச்சகத்தின் பெயர் இருக்கின்றனவா என்றும், சுற்றிலும் தகடு அழுந்திய தடம் உள்ளதா என்றும் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் தடம் இராது. எழுத்துகளை மறுபதிப்பும் அப்படியே காட்டும் என்பதால், புள்ளிகளின் சாட்சியமே முதன்மையானது.

வரவேற்பறையில் மாட்டலாம், ஆனால் வெயில் விழும் சுவரிலும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரிலும் கூடாது. பழைய சிவப்பு வண்ணங்கள் ஒளியில் வெளிறினால் மீளா. அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்கு 50 லக்ஸ் அளவே ஒளி தருகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிறு இடைவெளி ஆகிய மூன்றும் தேவை. பின்னட்டை தாளோடு ஒட்டியிருந்தால் நீங்களே பிரிக்க முயலாமல், காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் சட்டத்தோடு அப்படியே ஒப்படையுங்கள்.