முள்ளுக் கத்திரி, காளான், கட்டுவிரியன்: உயிரின வகைப்பாடு கேள்வி-பதில்

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, இனி அது தனிச் சிற்றினமா? (அணைக்கட்டு)

இல்லை. 2023-ல் கிடைத்த குறியீடு, இந்த வட்டார ரகத்தின் பெயரைப் பிறர் போட்டு விற்காமல் காக்கும், அவ்வளவுதான். முள், நிறம், காயின் உருவம் எல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும். முள்ளுக் கத்திரிப் பூவில் ஊதாக் கத்திரி மகரந்தத்தைத் தொட்டு வைத்தால் விதை பிடிக்கும். அதில் முளைக்கும் செடியும் காய்க்கும். இப்படித் தங்களுக்குள் இனம் பெருக்குவதால் இரண்டும் ஒரே சிற்றினம், அறிவியல் பெயரில் சொலானம் மெலாஞ்சினாதான்.

விவசாயிக்கு உதவுவது சிற்றினத்துக்கு மேலுள்ள படிகளான பேரினமும் குடும்பமும். தக்காளி, உருளை, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி எல்லாம் கத்திரியோடு சொலானம் பேரினத்தில் அடங்கும். மிளகாயும் புகையிலையும் வேறு பேரினம், ஆனால் ஒரே குடும்பம். ஆகவே பாக்டீரியா வாடல் கண்ட கத்திரி நிலத்தில் அடுத்து தக்காளியோ மிளகாயோ வைத்தால் அது பயிர்ச் சுழற்சி ஆகாது, கிருமிக்கு அடுத்த பந்தி. கேழ்வரகு, மக்காச்சோளம் போன்ற புல் குடும்பப் பயிரைப் போடுங்கள். வாடலுக்குக் காரணம் பாக்டீரியாதானா என்று பார்க்க, அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் முனை நனையத் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியாதான்.

இதே உறவை வைத்துத்தான் கத்திரியைச் சுண்டை வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள். சுண்டை வாடலைத் தாங்கும். ஆனால் மெதுவாக முளைக்கும்; கத்திரிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே விதைக்காவிட்டால் தண்டுகளின் தடிமன் ஒத்துவராமல் ஒட்டு பிடிக்காது.

தக்காளியின் அறிவியல் பெயரை ஏன் மாற்றினார்கள்? (ராணிப்பேட்டை)

பழைய பெயருக்கே திரும்பினார்கள். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைச் சொலானத்தில்தான் வைத்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலேயத் தாவரவியலாளர் மில்லர் லைகோபெர்சிகான் என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார். டிஎன்ஏ ஒப்பீட்டில் தக்காளி உருளைக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்ததால் மறுபடி சொலானம் ஆனது. பழைய பெயரை இன்னும் அச்சிடும் வினா வங்கிகளை நம்ப வேண்டாம்.

காளான் தாவரமா? (குடியாத்தம்)

இல்லை. பச்சையம் கிடையாது, செல்சுவர் கைட்டினால் ஆனது, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள், உணவைச் சேமிப்பது விலங்குகளைப்போல கிளைக்கோஜனாக. உயிரினங்களை அமெரிக்க அறிவியலாளர் விட்டேக்கர் 1969-ல் வகுத்த ஐந்து உலகங்களில் (மிகப்பெரிய பிரிவுகளில்) பூஞ்சைக்குத் தனி இடம். மரபணுப்படி அது தாவரத்தைவிட விலங்குக்கே நெருக்கம்.

கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் ஒரே குடும்பமா? (ஜோலார்பேட்டை)

அல்ல. கட்டுவிரியன் நல்லபாம்போடு எலாப்பிடே குடும்பம்: முன்பக்கம் குட்டையான, மடங்காத நச்சுப்பல். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வைப்பரிடே: நீளமான, மடங்கி விரியும் பல்.

விஷம் வேலை செய்யும் விதமும் இதே கோட்டில் பிரிகிறது. எலாப்பிடே கடி நரம்பைத் தாக்கும். இமை சொருகும், பின் மூச்சுத் தசைகள் தளரும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுவது உண்டு. வைப்பரிடே கடியில் இடம் வீங்கும், ரத்தம் உறையாது. அதனால்தான் 2 மி.லி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்க்கிறார்கள். புதிய, உலர்ந்த குழாய் வேண்டும். சோப்புத்தூளில் கழுவிய குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம்.

பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே தயாராகிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஜவ்வாது மலைச் செடிகளை அழுத்தி உலர்த்தி, உலர்தாவரத் (ஹெர்பேரியம்) தாளில் ஒட்ட வேண்டும். எப்படி? (கல்லூரி மாணவி, காட்பாடி)

காப்புக்காடு என்றால் முதலில் வனத்துறை அனுமதி. பூவோ காயோ உள்ள சுமார் 30 செ.மீ. கிளை எடுத்து, ஒரு இலையை மட்டும் அடிப்பக்கம் தெரியும்படி திருப்பிச் செய்தித்தாளில் விரித்து அழுத்துங்கள். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் இலை கறுத்துப் பூஞ்சணம் ஏறும். பிரண்டை மாதிரி சதைப்பற்றுள்ளவற்றைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். இல்லையென்றால் அழுத்தும் பலகைக்குள்ளேயே உயிரோடிருந்து கணுக்கணுவாக உதிரும். ஒட்டும் தாள் சுமார் 42 × 28 செ.மீ.

பூவின் நிறம், பால் வடிகிறதா, வாசனை, மரத்தின் உயரம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள், காய்ந்தபின் தெரியாது. சீட்டில் பெயரைக் கையால் எழுதினால் பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் தனித்தனியாக அடிக்கோடு. சந்தேகமான மாதிரியைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிடலாம். பூ இல்லாத கிளையோடு போனால் அடையாளம் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும்.