ஸ்டார் வார்ஸ் படங்களைக் குழந்தைகளுக்கு எந்த வரிசையில் காட்டுவது?

ஆறு வயது மகனுக்கும் ஒன்பது வயது மகளுக்கும் ஸ்டார் வார்ஸ் படங்களை முதன்முறையாகக் காட்டப் போவதாகவும், அத்தியாய எண்படி ஒன்றிலிருந்து தொடங்குவதா, வெளியான ஆண்டுப்படி நான்கிலிருந்து தொடங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரோடும் அமர்ந்து பார்த்த அனுபவத்தில், வெளியான வரிசையையே உறுதியாகச் சொல்வேன். (கதையின் முக்கிய ரகசியம் கீழே வருகிறது.)

எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1977-இல் முதல் படம் வந்தபோது அதில் அத்தியாய எண்ணே இல்லை. 1981 மறுவெளியீட்டில்தான் 'நான்கு' என்பது சேர்க்கப்பட்டது. 1980, 1983 படங்களோடு அந்தக் கதை நிறைவு பெறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிடப்பட்டவை 1999-க்கும் 2005-க்கும் இடையில் வந்த முன்கதைகள்; முடிவு தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை.

1980 படத்தில் வில்லன் டார்த் வேடர், தானே கதாநாயகன் லூக்கின் தந்தை என்று சொல்லும் இடம்தான் என் முடிவுக்கு முதற்காரணம். படப்பிடிப்பில் வேடர் உடையணிந்து நடித்தவருக்கே வேறொரு வசனத்தைக் கொடுத்து, உண்மையான வசனத்தைப் பின்னர் குரல்பதிவில் சேர்க்கும் அளவுக்கு அந்த ரகசியத்தைக் காத்தார்கள். முன்கதையிலிருந்து தொடங்கும் குழந்தைக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தியாகிவிடும். அந்தக் காட்சியில் என் மகள் "பொய் சொல்றான்ப்பா, நம்பாதீங்க" என்று எழுந்து நின்றாள். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் வசனத்தைப் படித்தபோது வேடர் பொய் சொல்வதாகத்தான் நினைத்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். அடுத்த படம் பார்க்கும்வரை அவள் அதை நம்ப மறுத்தாள். அந்த நாட்களை அவளுக்கு விட்டுக்கொடுத்ததில் எனக்கு நிறைவு உண்டு.

யோடாவின் அறிமுகமும் அப்படித்தான். மாபெரும் வீரரைத் தேடி வந்த லூக்கின் உணவுப் பெட்டியைக் கிளறி, ஒரு சிறு விளக்குக்காக ரோபோவோடு மல்லுக்கட்டும் அந்தக் குட்டிக் கிழவரைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேடி வந்தவர் இவரே என்று தெரிந்ததும் லூக்கைப் போலவே அவர்களும் வாயடைத்துப் போனார்கள். முன்கதைகளில் யோடா ஆசானாக அவையில் அமர்ந்திருப்பதையும் வாள் சுழற்றுவதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி வெறும் வேடிக்கைதான்.

2011-இல் ரசிகர் ஒருவர் முன்வைத்த 'மஷெட்டி வரிசை' என்ற ஏற்பாட்டையும் சிலர் சொல்வார்கள்: நான்கு, ஐந்து, பிறகு இரண்டு, மூன்று, கடைசியாக ஆறு. பெரியவர்களுக்கு அது அழகான யோசனை. ஆனால் ஐந்தின் இறுதியில் உறைந்துபோன லூக்கின் நண்பர் ஹான் சோலோ என்ன ஆனார் என்று தவிக்கும் ஆறு வயதுக் குழந்தையை மேலும் இரண்டு படங்கள் காத்திருக்கச் சொல்வது கடினம். அதைவிட, அந்த ஏற்பாட்டில் மூன்றாம் அத்தியாயம் நடுவிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் படங்களிலேயே முதன்முதலாக 13 வயதுக்குட்பட்டோருக்கான எச்சரிக்கைச் சான்று பெற்ற படம் அது. ஆலயத்தில் பயிலும் சிறுவர்களை, பின்னாளில் வேடராகும் அனகின் கொல்வதும், எரிமலைக் குழம்பருகே அவன் உடல் எரிவதும் அதில் உண்டு. ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்தி, மகனுக்குப் பத்து வயதாவது ஆனபின் மூன்றாவதைக் காட்டுங்கள். 2015 முதல் வந்தவற்றுக்கு அவசரமே இல்லை.

1977 படத்திலும் லூக்கின் மாமா, அத்தையின் எரிந்த உடல்கள் ஒரு கணம் தெரியும். அப்போது சிறியவன் பக்கத்தில் இருங்கள். தொடக்கத்தில் மேலேறிச் செல்லும் எழுத்துகளை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள், ஏனெனில் வேடர் யாருடைய தந்தை என்பதைப் பள்ளி வேனில் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடக்கூடும்.