மாமியார் டப்பாவிலிருந்து ஒரு சாலட்

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் திருத்தணி. வாக்கப்பட்டது நகரியில், தெலுங்கு பேசும் குடும்பம். தினமும் காலையில் அரக்கோணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். மதியச் சாப்பாட்டுக்குச் சட்டென்று ஆகிற தானிய சாலட் ஒன்றை வீடியோவில் பார்த்தேன். கோதுமை ரவையை ஊறவைத்து, கொத்தமல்லி, புதினா நிறையப் போட்டுக் கலந்தேன். ஒரே பச்சை வாடை, பல்லில் நறநறவென்றது. "இதை ஆடுதான் தின்னும்" என்று சொல்லிவிட்டார் அத்தம்மா. எங்கே தப்பு? எங்கள் இரண்டு வீட்டு ருசியும் சேர்ந்தாற்போல ஒன்று சொல்லுங்களேன். – வாசகி, நகரி

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, ரவை மேல். நீங்கள் பார்த்தது லெபனான், சிரியா பக்கத்துத் தபூலேயாக இருக்க வேண்டும். அதில் போடுவது புல்குர். கோதுமையை முதலிலேயே வேகவைத்து, காயவைத்து உடைத்தது என்பதால் ஊறினாலே போதும். நம் கடைகளில் கிடைக்கும் கோதுமை ரவை பச்சைக் கோதுமையில் உடைத்தது. அடுப்பில் ஏறாமல் அது வழிக்கு வராது.

ரவையை உப்புமாவுக்கு வைத்துக்கொண்டு தினைக்கு வாருங்கள். உங்கள் ஊர்க் கடையில் கொர்ரலு என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். முந்தின நாள் சாயங்காலமே அரை டம்ளர் தினையைக் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, சோறு வடிக்கிற மாதிரியே வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒரு மணியை நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியாவிட்டால் இறக்கிவிடலாம். சோறு வடிதட்டில் தினை ஓடிவிடும், மெல்லிய துணியில் வடியுங்கள். தாம்பாளத்தில் பரப்பி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். உங்கள் பக்கத்து வெயிலுக்கு ராத்திரி முழுக்க வெளியே இருந்தால் கெட்டுப்போகும்.

அப்புறம் தழை. வெந்த தினை எவ்வளவோ அதே அளவு நறுக்கிய தழை வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. கொத்தமல்லியின் இளந்தண்டையும் சேர்க்கலாம், புதினாவில் இலை மட்டும். ராத்திரியே அலசி, பருத்தித் துண்டில் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு நறுக்கினால் அது சாலட் இல்லை, துவையல். கத்தி கூராக இருக்கட்டும். ஒரே தடவை நறுக்குங்கள், கொத்திக்கொண்டே இருந்தால் கறுத்துப்போகும்.

திருத்தணிப் பங்கு என்று அம்மா வீட்டுக் கோசுமல்லியை வைத்துக்கொள்ளுங்கள்: ஊறின பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, விதை வழித்த வெள்ளரிக்காய். தேங்காய்த் துருவலை மட்டும் விட்டுவிடுங்கள், மதியத்துக்குள் ஊசிவிடும்.

நகரிப் பங்குதான் எனக்குப் பிடித்தது. புளிப்புக்கு எலுமிச்சை எப்போதும் உண்டு. ஆனால் சித்தூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு சீசனில் கிளிமூக்கு மாங்காயை விடலாமா? பொடியாக நறுக்கிப் போடுங்கள். வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து இரண்டு ஸ்பூன். கடைசியில் ஊறமிளகாய் (நம் மோர்மிளகாய்தான்) ஒன்றைப் பொரித்து நொறுக்கித் தூவிவிட்டால் பச்சை வாடை என்ற பேச்சே எழாது. கடலைப்பொடியும் ஊறமிளகாயும் அத்தம்மா டப்பாவில் கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்குங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம்!

காலையில் அடுப்பு வேலை தாளிப்பு மட்டும்தான். கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம். அதைத் தினை மேல் கொட்டி, உப்பும் புளிப்பும் சேர்த்துக் கிளறி டப்பாவில் அடைத்துவிடுங்கள். தழையும் வெள்ளரியும் தனி டப்பாவில் போகட்டும், சாப்பிடும்போது கலந்தால் போதும். இப்போதே கலந்தால் உப்புக்குத் தண்ணீர் விட்டு, அரக்கோணம் போவதற்குள் சொதசொதவென்று ஆகிவிடும். ஆடு என்றாரே உங்கள் அத்தம்மா, என் கணக்கில் அதற்குக் காரணம் தழை இல்லை, தாளிப்பு இல்லாததுதான்.

தினை மிஞ்சினால் கெட்டித் தயிரும் கொஞ்சம் புதினாவும் போட்டுப் பிசைந்து, ஊறமிளகாயோடு அவருக்கே ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள்.